கரண்டி வாங்கிய கை

நோர்பரி
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணி,

நலமா என்று கேட்டால் பதில் வராது. அதனால் பெட்டியில் உள்ளவற்றைச் சொல்கிறேன். சரக்குத்தூள் ஒரு கிலோ. குரக்கன் மா. மாசிக் கருவாடு. நீங்கள் தேநீருக்குப் போடும் வேர்க்கொம்பு. இந்தக் கடிதம் குரக்கன் மாவுக்கு அடியில் இருக்கும்.

உங்கள் போன் நம்பரை இப்போது வேறு யாரோ எடுக்கிறார். மூன்று தடவை அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். முகவரியை உங்கள் சிநேகிதி டிலக்சனாவிடம் வாங்கினேன். அவரைக் கோபிக்க வேண்டாம். நான் அழுதேன், அவர் தந்துவிட்டார்.

கடை நடக்கிறது. முன்பக்கத்தில் மரக்கறியும் சரக்குகளும், எப்போதும்போல. பின் அறையை, அண்ணாவின் சமையல் வகுப்பு அறையை, பத்து மாதம் பூட்டி வைத்திருந்தோம். போன ஞாயிறு திறந்தேன். வகுப்பை இனி நான் எடுக்கிறேன் என்று அறிவித்தேன். நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் விஜயரத்தினம் அங்கிள். மனைவி இறந்த பிறகு தனக்குத் தானே சமைக்கப் பழக வேண்டும் என்று முதல் வகுப்பிலிருந்து வருகிறாரே, அவர்தான். மூன்று வருடம் வந்தும் பருப்பைத் தாண்டவில்லை. நான் வைத்த கத்தரிக்காய்க் குழம்பை ஒரு வாய் எடுத்துவிட்டு, "பிள்ளை, உனக்கு ஏதோ பட்டம் இருக்கெல்லோ, அதை விட்டிடாத" என்றார்.

அண்ணாவின் கொப்பியில் உள்ளபடிதான் செய்தேன். எல்லாவற்றுக்கும் அளவு எழுதியிருக்கிறார். உப்புக்கு மட்டும் "கடைசியில்" என்று ஒரே ஒரு சொல். எவ்வளவு என்று இல்லை.

அதனால் அவருடைய வகுப்பு வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். நாற்பத்தொன்று இருக்கின்றன. இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் ஒன்று நடக்கிறது. ருசி பார்க்கிறார். கரண்டியைக் கமராவுக்குப் பின்னால் நீட்டுகிறார். ஒரு கை வந்து வாங்குகிறது. மெல்லிய வளையல் இரண்டு. உங்கள் கை. கழுவ வாங்குகிறீர்கள், அது விளங்குகிறது. ஆனால் பிறகு அவர் பேசுவதில்லை. கமராவுக்கு மேலே பார்த்தபடி நிற்கிறார். இரண்டு செக்கன், மூன்று செக்கன். அதற்குப் பிறகுதான் உப்பைத் தொடுகிறார்.

என்ன பார்க்கிறார்?

தனியே இருந்து பார்க்கும்போது, எனக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்ப்பதுபோல் இருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். ஒரு தடவை அல்ல, பல தடவை.

அண்ணாவின் செத்தவீட்டில் உங்களுக்குச் சொன்னது இன்னும் என் வாயில் இருக்கிறது. அதற்கு வேறு கடிதம் எழுதுவேன்.

மேனுஷா

---

குட்மேய்ஸ்
18 ஜனவரி 2025

மேனு,

பெட்டி வந்தது. இனி அனுப்பவேண்டாம். தனிய இருக்கிறவளுக்கு ஒரு கிலோ சரக்குத்தூள் என்னத்துக்கு? இங்கையும் கடையள் இருக்கு.

வீடியோவை வைச்சு ஆராய்ச்சி செய்யிறதையும் விடும். அது உம்மட யூனிவர்சிற்றிப் பழக்கம். அவர் தன்ர மனிசியைப் பார்த்தவர். காதல் எண்டு நினைச்சுக்கொள்ளும்.

செத்தவீட்டுக் கதைக்குத் தனிக் கடிதம் தேவையில்லை. நீர் சொன்னது எனக்குப் பாடம். "கடைசி வகுப்பில எல்லாருக்கும் முன்னால அவரைத் தனிய விட்டிட்டுப் போனனீங்கள்." அது பொய்யில்லை. பொய்யில்லாததுக்கு என்ன மன்னிப்பு?

உப்புக்கு அளவு ஒருத்தராலயும் எழுத ஏலாது. போட்டிட்டு ருசி பாரும். ருசி பாராமல் இறக்கக் கூடாது எண்டதுதானே அவரின்ர வகுப்பில முதல் பாடம்.

மாமியைக் கேட்டதாகச் சொல்லும்.

ஜெனோஜா

---

நோர்பரி
26 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணி,

பதில் வந்தது. கோபமாக வந்தாலும் வந்தது. அம்மா உறையை வாங்கி உங்கள் கையெழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தந்தா.

ஒன்று கேட்கிறேன். கேட்கக்கூடாததாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

நேற்று அங்கிள் தேங்காய் வாங்க வந்தார். தேங்காயைத் தட்டிப் பார்த்தபடியே சொன்னார். "உன்ர அண்ணை ஒருநாள் உள்ளி கரியுறது தெரியாமல் கதைச்சுக்கொண்டு நிண்டவர். பின் வரிசையில எனக்கே மணக்குது. பிறகு உன்ர அண்ணியைப் பார்த்தார். பார்த்த உடன அடுப்பை நூத்தார். அண்டைக்கே எனக்கு ஒரு யோசினை." என்ன யோசினை என்று கேட்டேன். தேங்காய் முற்றவில்லை என்று சொல்லிவிட்டு வேறொன்றை எடுத்தார்.

நான் போய் அந்த வீடியோவைத் தேடி எடுத்தேன். புகை தெரிகிறது. முன் வரிசையில் ஒருவர் மூக்கைச் சுருக்குகிறார். அண்ணா சிரித்துக்கொண்டு வெந்தயத்தைப் பற்றிப் பேசுகிறார்.

பிறகு வேறொரு ஞாபகம். அம்மாவின் வீட்டில் பால் கெட்டுப் போயிருந்தது. அவர் மட்டும் தேநீரை முழுவதும் குடித்தார். அம்மாவைச் சந்தோசப்படுத்தக் குடித்தார் என்று நினைத்தேன்.

அண்ணாவுக்கு மணம் தெரியாதா?

நாற்பது வீடியோ பார்த்துவிட்டேன். நாற்பத்தோராவது, போன மார்ச் பத்தாம் திகதி, அந்தக் கடைசி வகுப்பு. அதை இன்னும் திறக்கவில்லை.

மேனுஷா

---

குட்மேய்ஸ்
2 பெப்ரவரி 2025

மேனு,

நேர கேட்டிட்டீர். நேர சொல்லுறன்.

அவருக்கு மணம் தெரியாது. ருசியும் தெரியாது. உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. 2021 தை மாதம் எங்கள் ரெண்டு பேருக்கும் கொரோனா வந்ததெல்லோ. எனக்கு மூண்டு கிழமையில எல்லாம் திரும்பி வந்திட்டுது. அவருக்கு வரேல்லை. டொக்டர் வரும் எண்டார். பிறகு வரலாம் எண்டார். பிறகு ஒண்டும் சொல்லேல்லை. அதுக்கிடையில கடை எடுத்தாச்சு, வகுப்பு விளம்பரமும் போட்டாச்சு. சமையல் சொல்லிக்குடுக்கிறவனுக்கு நாக்கில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?

ஆக்களுக்கு முன்னால கரண்டியை வாயில வைப்பார். ஒண்டும் தெரியாது. பிறகு எனக்கு நீட்டுவார். நான் கழுவுறமாதிரித் திரும்பி, கழுவ முதல் அதை என்ர வாயில வைப்பன். அவரின்ர எச்சில் கரண்டி. பிறகு கமராவுக்குப் பின்னால வந்து நிமிர்ந்து நிப்பன். சங்கிலியைத் தொட்டால் உப்புக் காணாது, இன்னும் போடவேணும். தோட்டைத் தொட்டால் புளி காணாது. கையைக் கட்டினால் சரி, இறக்கலாம். மூக்கைத் தேய்ச்சால் கரியுது. அவர் பார்த்தது அதைத்தான். மூண்டு வருசம்.

ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை என்னட்டைக் கேட்டுது, உங்கட மனிசன் உங்களை இப்பிடிப் பார்க்கிறாரே, கலியாணம் கட்டி எத்தினை வருசம் எண்டு. நான் சிரிச்சன்.

எனக்குக் களைச்சுப் போச்சு, மேனு. சனிக்கிழமை தடிமன் தொடங்கினாலே பயம். எனக்கும் மணம் போனால்? ஆக்களிட்டைச் சொல்லுங்கோ எண்டு கேட்டன். ஒருத்தரும் கோவிக்கமாட்டினம் எண்டன். அவர் கேக்கேல்லை. அந்தக் கடைசி வகுப்பு ஞாயிறு காலமை உள்ளி உரிச்சுக்கொண்டிருக்கேக்க திரும்பவும் அந்தக் கதை வந்தது. "உனக்கென்ன, கரண்டி கழுவுற வேலைதானே" எண்டார்.

ஏப்ரனைக் கழட்டி வைச்சிட்டு வெளிக்கிட்டன்.

தூரத்துக்குப் போகேல்லை. கடைக்கு எதிரில இருக்கிற பஸ் ஸ்ராண்டில இருந்தனான். ரெண்டு மணித்தியாலம். பஸ் வந்து நிக்கும், நான் ஏறமாட்டன், ட்ரைவர் கையை விரிச்சிட்டுப் போவான். வகுப்பு முடிஞ்சு ஆக்கள் போனாப்பிறகு உள்ள வந்தன். சட்டி கழுவிக்கொண்டு நிண்டார். "உப்புக் கூடிப்போச்சு" எண்டார். அவ்வளவுதான். மூண்டு நாள் வேறை ஒண்டும் கதைக்கேல்லை. புதன்கிழமை நான் வேலையில நிக்கேக்க, கடைக்குள்ள அரிசி மூட்டையளுக்குப் பக்கத்தில விழுந்திட்டார். மிச்சம் உமக்குத் தெரியும்.

மாமிக்குச் சொல்லவேண்டாம். அவ தன்ர பிள்ளையின்ர கைருசியைச் சொல்லிச் சொல்லித்தான் இருக்கிறா.

அந்தக் கடைசி வீடியோவை நான் பார்க்கேல்லை. என்னால ஏலாது. நீர் பாரும். நான் இல்லாத இடத்தை அவர் பார்த்தவரா? அது மட்டும் சொல்லும்.

ஜெனோஜா

---

நோர்பரி
9 பெப்ரவரி 2025

அண்ணி,

பொய் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு பொய் எழுதியும் பார்த்தேன். நல்ல பொய். கிழித்துவிட்டேன்.

வீடியோ. ஐம்பத்திரண்டாவது நிமிடம். கத்தரிக்காய்க் குழம்பு. ருசி பார்க்கிறார். கரண்டியை நீட்டுகிறார்.

கை வரவில்லை.

அவர் கரண்டியை மடக்கவில்லை. நீட்டியபடியே நிற்கிறார். கமராவுக்கு மேலே பார்க்கிறார். நான் எண்ணினேன். பத்தொன்பது செக்கன். வகுப்பில் யாரோ இருமுகிறார்கள். கரண்டியின் நுனியில் ஒரு துளி திரண்டு, தொங்கி, மேசையில் விழுகிறது. அவர் முகத்தில் கோபம் இல்லை. அதை உங்களுக்கு நிச்சயமாகச் சொல்ல முடியும். இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவரின் முகம்.

பிறகு கரண்டியைத் தானே தொட்டிக்குள் வைக்கிறார். உப்புப் போடுகிறார். நிமிர்ந்து பார்க்கிறார். இன்னும் போடுகிறார். நிமிர்ந்து பார்க்கிறார். மூன்று தடவை.

ஓம், பார்த்தார்.

செத்தவீட்டில் நான் சொன்னதற்கு இப்போது என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னது நடந்ததுதான். ஆனாலும் அது பொய். கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு வீட்டுக்குள் இவ்வளவு நடந்திருக்கிறது, தங்கச்சிக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது வகுப்பில் நானும் ருசி பார்த்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன். கமரா இல்லை. அதன் மூன்று கால்களுக்கும் நீங்கள் தரையில் ஒட்டிய சிவப்பு ரேப் மட்டும் இருக்கிறது. அதை யாரும் மிதிக்காமல் நடக்கிறார்கள். நான் சொல்லவில்லை. அவர்களாகவே.

அண்ணாவின் ஆண்டுத் திவசம் இந்த வருடம் திதிப்படி மார்ச் மூன்று, திங்கள். வகுப்பு அறையிலேயே சமைத்துப் படைக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறா. நான்தான் சமைக்கிறேன். வாருங்கள், அண்ணி. அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறா. நானும் கேட்கிறேன், அம்மாவின் பெயரில் ஒளிக்காமல்.

மேனு

---

குட்மேய்ஸ்
20 பெப்ரவரி 2025

மேனு,

பத்தொன்பது எண்டு எழுதினது நல்லது. "கொஞ்ச நேரம்" எண்டு எழுதியிருந்தால் நான் ஒவ்வொரு நாளும் வேறை வேறை நேரம் எண்ணியிருப்பன்.

திவசத்துக்கு வரமாட்டன்.

கோவம் இல்லை. யோசிச்சுப் பாரும். திவசத்துக்குச் சமைக்கிறதை ஆரும் ருசி பார்க்கக் கூடாது. படைச்சு முடியும்வரைக்கும் ஒரு சொட்டும் நாக்கில படக் கூடாது. மாமிக்கு அதெல்லாம் கடுமை, உமக்குத் தெரியும். அந்த அறையில எனக்கு இருந்த ஒரே வேலை ருசி பார்க்கிறது. அது கூடாது எண்ட ஒரு நாளில வந்து நான் எங்கை நிக்கிறது? சிவப்பு ரேப்புக்குப் பின்னாலயோ?

கத்தரிக்காய்க் குழம்பு கட்டாயம் வையும். தேங்காய்ப்பால் கடைசியில். பயப்பிடாமல் சமையும். மாமிக்கு நான் வேலை எண்டு சொல்லும்.

ஜெனோஜா

---

நோர்பரி
10 மார்ச் 2025

அன்புள்ள அண்ணி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கினேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

திங்கள் காலை ஆறு மணிக்கே வகுப்பு அறையில் அடுப்பை மூட்டினேன். நாலு சட்டி. பருப்பு, பூசணிக்காய்ப் பால்கறி, வாழைக்காய், கத்தரிக்காய்க் குழம்பு. உப்புக் கூடிவிடுமோ என்ற பயத்தில் அண்ணாவின் கொப்பியில் உள்ளதுபோல உப்பைக் கடைசிக்கு விட்டேன். எல்லாவற்றையும் இறக்கி மூடிவிட்டு, வந்து போடலாம் என்று அம்மாவையும் ஐயரையும் ஏற்றிவரப் போனேன். வழியில் றோட்டைக் கிண்டி வைத்திருந்தார்கள். நாற்பது நிமிடம். திரும்பி வந்தபோது சொந்தக்காரர் எல்லோரும் வாசலில். நேரம் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார். வாழை இலை விரித்து, அண்ணாவின் படத்துக்கு முன்னால் படைத்தேன்.

தீபம் காட்டும்போதுதான் ஞாபகம் வந்தது. உப்புப் போடவில்லை. ஒரு சட்டிக்கும் போடவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. இலை போட்டுப் பந்தி வைத்தோம். சுவரோடு நின்று எல்லோருடைய முகங்களையும் பார்த்தேன். சாப்பிடுகிறார்கள். திரும்ப வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அங்கிள் கையை நக்கிவிட்டு, "பிள்ளை, இண்டைக்குத்தான் நீ பாஸ்" என்றார். அம்மா கத்தரிக்காய்க் குழம்பில் ஒரு வாய் எடுத்தா. பிறகு சொன்னா: "இது அவன்ர கை."

நான் சாப்பிட்டேன். பருப்பு சரி. பூசணி சரி. வாழைக்காய் சரி. கத்தரிக்காயில் உப்பு ஒரு சிட்டிகை தூக்கல், ஆனால் அதுதான் அதற்கு வேண்டியிருந்தது.

சிரிக்காதீர்கள், அண்ணி. நான் யூனிவர்சிற்றியில் படித்தவள். ஆறு நாள் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆறு நாள் எனக்கு ஓர் அண்ணா இருந்தார். கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தால் போகும்போது கொஞ்சம் ஒதுங்கி நடந்தேன், இடம் விட்டு.

நேற்று ஞாயிறு. வகுப்புக்காக உப்புச் சாடியைத் திறந்து கரண்டியை விட்டேன். எதிலோ தட்டியது. பின் கதவுச் சாவி. சிவப்பு நூல் கட்டியது. உங்களுடையது.

அப்படியென்றால், நீங்கள்.

வகுப்பை அங்கிளிடம் விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றேன். அவர் எல்லோருக்கும் பருப்புச் சொல்லிக்கொடுத்தார். எதற்காக அழுதேன் என்று தெரியவில்லை. அண்ணா திரும்பவும் போய்விட்டார் என்பதற்காகவா, நீங்கள் வந்தீர்கள் என்பதற்காகவா?

சாவியை ஏன் உப்புக்குள் விட்டீர்கள் என்று விளங்குகிறது. இனி வரமாட்டீர்கள். ஆனாலும் இந்த உறைக்குள் அதைத் திருப்பி வைக்கிறேன். அது உங்கள் கதவு. நீங்கள் பூட்டி வைத்திருந்தாலும் உங்கள் கதவுதான்.

மிஞ்சிய கத்தரிக்காய்க் குழம்பை அம்மா ஒரு சின்னப் பெட்டியில் போட்டுப் பிறீசரில் வைத்திருக்கிறா. தொட விடுகிறாவில்லை. அவவுக்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

மேனு

---

குட்மேய்ஸ்
15 மார்ச் 2025

மேனு,

நான்தான். ஓம்.

வாற எண்ணம் இல்லை. காலமை வேலைக்கெண்டு வெளிக்கிட்டு, எப்பிடியோ நோர்பரியில வந்து இறங்கினன். எதிர் பஸ் ஸ்ராண்டில இருந்து நீர் காரில போறதைப் பார்த்தனான். பின் கதவைத் திறந்து உள்ள போனன். ரெண்டொரு மூடியைத் திறந்து பார்த்தன். உப்புச் சாடி எடுக்காமல் தட்டில பின்னுக்கு, இறுக்கி மூடினபடி இருந்தது. விளங்கிச்சு, நீர் போடேல்லை.

ருசி பார்க்கேல்லை, மேனு. படையல் சாப்பாடு. கரண்டியைக்கூட வாயில காட்டேல்லை. கையாலதான் போட்டன்.

அடுப்புக்கு அந்தப் பக்கம், அவர் நிக்கிற பக்கம், நான் நிண்டது அதுதான் முதல் தரம். உப்பு கையில இருக்கு. காணுமோ காணாதோ தெரியாது. நாக்கைக் கேக்க ஏலாது. ஆரையாவது பார்க்கவேணும் போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தன். சிவப்பு ரேப் மட்டும். அவர் ஒவ்வொரு ஞாயிறும் இப்பிடித்தான் நிண்டிருக்கிறார். நான் கரண்டி கழுவுற வேலை எண்ட ஒரு சொல்லுக்காக இந்த ஒரு வருசம் கோவிச்சுக்கொண்டிருந்தன். அவர் பயந்த பயத்தை நான் ஒருநாளும் கேக்கேல்லை.

எவ்வளவு நேரம் நிண்டனோ தெரியாது. எண்ணுறதுக்கு அங்கை ஆள் இல்லை.

பருப்புக்குப் போட்டன். பூசணிக்குப் போட்டன். வாழைக்காய்க்குப் போட்டன். வாசலில கார் நிக்கிற சத்தம், மாமியின்ர குரல். சாவியைச் சாடிக்குள்ள விட்டு மூடி, பழைய இடத்தில வைச்சிட்டு, பின் கதவால போயிட்டன்.

உம்மட கடிதத்தை இதோட பத்துத் தரம் வாசிச்சிட்டன். நான் மூண்டு சட்டிக்குத்தான் போட்டனான்.

கத்தரிக்காய்க் குழம்பின்ர மூடியை நான் திறக்கவே இல்லை.

நீர் முதலே போட்டிட்டு மறந்திருப்பீர். அப்பிடித்தான் இருக்கும். நீர் படிச்சனீர், உமக்கும் அப்பிடித்தான் தெரியும். ஆனால் ஒண்டு. அவர் ருசி தெரியாமல் போடுற உப்பு எப்பவும் ஒரு சிட்டிகை கூட. மூண்டு வருசம் அந்தக் கரண்டியை வாயில வைச்சவள் நான். ஆயிரம் சட்டிக்குள்ள இருந்தாலும் எனக்கு அந்தக் கையைத் தெரியும்.

படையல் முடிஞ்சுது. இனி ருசி பார்க்கலாம்.

பிறீசரில இருக்கிற பெட்டியை ஒருத்தரும் தொடவேண்டாம் எண்டு மாமியிட்டைச் சொல்லும். நாளைக்கு ஞாயிறு, அதுக்குள்ள இந்தக் கடிதம் உமக்கு வந்து சேராது. அடுத்த ஞாயிறு வாறன். சாவி என்னட்டை இருக்கு.

ஜெனோஜா